உச்சந்தலைக் குழிகள்

ஸ்வர்ணலதாவுக்கு மண்டையோடுகள் என்றால் உயிர். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் மட்டும் "யுனிவர்சிடியில டீச்சிங்" என்று சுருக்கமாக முடித்துக்கொள்வாள். மேற்கொண்டு விளக்கினால் அப்புறம் அவள் கையால் ஒருவரும் காபி வாங்கிக் குடிக்கமாட்டார்கள். புத்தூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடும் குடும்பம் அது. பெண் டாக்டராவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளும் டாக்டர் ஆனாள், ஆனால் செத்து இரண்டாயிரம் வருஷம் ஆனவர்களைத்தான் பார்க்கிறாள் என்று அவளுடைய நைனாவே கேலி செய்வார்.

திருப்பதியில், அலிபிரிக்குப் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அவளுடைய ஆய்வுக்கூடம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மேஜைமேல் மணல் பரப்பிய தட்டுகளில் பழங்காலத்து மண்டைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் அவள் தேடுவது நோயையோ காயத்தையோ அல்ல. ஆளுக்கு ஆள் எலும்பு கொஞ்சம் மாறுகிறதே, அந்த மாற்றத்தை. சிலருக்குக் குழந்தையில் இரண்டாக இருந்த நெற்றி எலும்பு ஒன்று சேராமலே போய், நடு நெற்றியில் ஒரு தையல் கோடு கடைசிவரை நிற்கும். சிலருக்குப் பின்மண்டைத் தையலுக்குள் புளியங்கொட்டை அளவில் உபரி எலும்புகள் உட்கார்ந்திருக்கும். அதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு வாழ்ந்தவருக்கே அது தெரிந்திருக்காது. "இது நோய் இல்ல, ஊனம் இல்ல, சாமி குத்தமும் இல்ல. ஒருத்தருக்கு மூக்கு சப்பையா இருக்கு, ஒருத்தருக்குக் கூர்மையா இருக்கு. அது மாதிரிதான்" என்று முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுவாள்.

அந்த விஷயத்தில் கறாராகவும் இருப்பாள். சாய்குமார் என்ற ஆராய்ச்சி மாணவன் ஒருமுறை, நரம்பு போவதற்காகப் புருவ மேட்டில் இயற்கையாகவே இருக்கும் துளையை அம்பு தைத்த காயம் என்று எழுதிக்கொண்டு வந்தான். எல்லோர் முன்னாலும் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தாள். "கண்ணால பாக்கணும் சாய், கதையால பாக்கக்கூடாது" என்றாள். அந்த வாக்கியம் அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போய், அந்த வருஷம் முழுக்க அங்கங்கே சொல்லிக்கொண்டு திரிந்தாள். இப்போது அதை நினைத்தால் காது மடல் சூடாகிறது.

நகரிக்குப் பக்கத்தில் பாறைப்பட்டு என்று ஒரு சின்ன ஊர். அங்கே நாகையாவுக்குச் சர்க்கார் கொடுத்த கரம்பு நிலம் கொஞ்சம் உண்டு. அடுத்தவர் காட்டிலேயே கூலிக்குக் குனிந்த குடும்பத்தில் சொந்த மண்ணைக் கொத்திய முதல் ஆள் அவர்தான். மாஞ்செடி வைக்கக் குழி எடுத்தபோது, குட்டைக் கால்கள் வைத்த பெரிய மண்பெட்டி ஒன்று தட்டுப்பட்டது. பழங்காலத்து மனிதர்கள் செத்தவர்களை வைத்துப் புதைத்த பெட்டி. சேதி போய், ஸ்வர்ணலதா ஆட்களோடு வந்து இறங்கினாள். தோண்டிய நாளெல்லாம் நாகையாவின் மனைவி செங்கம்மாதான் எல்லோருக்கும் ஆக்கிப் போட்டாள். "துன்னுட்டு அப்பறம் எலும்பப் பாருங்க மேடம், அது எங்கியும் ஓடிடாது" என்று கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியுமாகத் தட்டை நீட்டுவாள். ஸ்வர்ணலதாவும் வெட்கப்படாமல் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு பெண். கால்மாட்டில் கிண்ணங்கள், கழுத்தருகே சிவப்பு மணிகள், தலைக்குப் பக்கத்தில் துருவேறிய நீளமான இரும்பு முள் ஒன்று. மண்டை நசுங்கி இரண்டு பாதியாகப் பிளந்திருந்தது. இடது பாதி சுத்தமாக வந்துவிட்டது. வலது பாதி களிமண் கட்டிக்குள் சிக்கிக்கொண்டது, அதை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பொறுமையாகத்தான் பிரிக்க முடியும். வெளியே வந்த இடது பாதியில், உச்சிக்குச் சற்றுப் பின்னால், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை இருந்தது.

சித்தூரில் நிருபர்களுக்கு இதைக் காட்டினார்கள். ஹரிபாபு என்ற நிருபர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "மேடம், இந்த ஓட்டை எப்படி வந்துச்சு? பக்கத்துலயே மேகு கிடக்குது காதா?" என்று ஆணியைத் தெலுங்கில் சொல்லிக் கேட்டார்.

இன்னும் பாதி மண்டையைப் பார்க்கவே இல்லை என்பதுதான் அதற்குப் பதில். ஆனால் ஸ்வர்ணலதாவுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு புளியமரம் ஞாபகம் வந்தது. புத்தூரில் அவள் பள்ளிக்கூடம் போகும் வழியில் நின்ற மரம். பேய் பிடித்தது என்று சொல்லிப் பெண்களை அங்கே இழுத்து வருவார்கள். பேயோட்டுகிறவன் உச்சி முடியில் ஒரு கொத்தைப் பிடித்து, மரத்தோடு சேர்த்து ஆணி அடித்து, முடியை அறுத்துவிடுவான். பேய் மரத்தோடு நின்றுவிடுமாம். அடிமரம் முழுக்க ஆணியும் அதில் தொங்கும் முடியுமாக இருக்கும். சின்னப் பெண்ணாக அதைத் தாண்டும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறாள். பெண், உச்சி, ஆணி. வேறு ஊர்க்காரர் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இந்த மூன்றும் ஒன்று சேர்ந்திருக்காது. அவளோ இந்த மண்ணில் பிறந்தவள், படித்த படிப்புக்கு முன்னால் பயந்த பயம் முந்திக்கொண்டது.

"ஒருவேளை இந்தப் பெண்ணைச் சூனியக்காரின்னு பயந்து உச்சியில ஆணி அடிச்சிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் பேப்பரில் அந்த 'ஒருவேளை'யைக் காணோம். உச்சியில் ஆணி அடித்துக் கொல்லப்பட்ட சூனியக்காரி என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் மண்டையோடு, அதற்கும் பக்கத்தில் ஸ்வர்ணலதாவின் சிரித்த முகம். டிவிக்காரர்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல்முறையாக அவளிடம் வேலையைப் பற்றி விசாரித்தார்கள். கோபப்பட்டு மறுப்பு அனுப்பியிருக்க வேண்டியவள், அந்தப் பேப்பரில் மூன்று பிரதி வாங்கிப் பத்திரப்படுத்தினாள். அவளுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த வாரத்தில் களிமண் கரைந்தது. வலது பாதியை மெல்லிய தூரிகையால் துடைத்துக்கொண்டே வந்தவளின் கை ஓரிடத்தில் நின்றது. அங்கேயும் ஒரு துளை. அதே அளவு, அதே வட்டம், நடுத் தையலிலிருந்து அதே தூரம். ஓரங்கள் வழவழப்பாக, உள்பக்கம் சரிந்து போயிருந்தன. ஆணி இறங்கியிருந்தால் எலும்பு விரிசல் விட்டிருக்கும், சில்லு தெறித்திருக்கும். இது உடைந்த துளையே அல்ல. தாயின் வயிற்றில் இருக்கும்போதே எலும்பு மூட மறந்த இடம். பலருக்கும் அந்த இடத்தில் ரத்தக்குழாய் போக ஊசித்துளை ஒன்று இருக்கலாம், சில குடும்பங்களில் அது பெரிதாகவே நின்றுவிடும், தாயிடமிருந்து மகளுக்கு, தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று இறங்கும். அவளே வருஷாவருஷம் நடத்துகிற பாடம் இது.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவள் செய்த முதல் காரியம், கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தது. பிறகு வலது பாதியைப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஆய்வுக் கட்டுரை எழுதும்போது பதவிசாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்குள் ஒரு கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டார்கள். இடது பக்கத்திலிருந்து எடுத்த படத்தை மட்டும் திரையில் போட்டுப் பேசிவிட்டு வந்தாள். கைதட்டினார்கள். 

இப்படியே மாதங்கள் போயின. ஒரு மதியம் ஆய்வுக்கூடத்து வாசலில் செங்கம்மா வந்து நின்றாள், பின்னால் அவளுடைய மகள் சந்தியா. சத்தியவேடு பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், தோண்டும்போது ஒருநாள் லீவில் வந்து பார்த்திருக்கிறாள். செங்கம்மா கையில் ஒரு பை நிறைய வேர்க்கடலை.

"இன்னா செங்கம்மா, இவ்ளோ தூரம்?"

"ஒரு ஞாயம் கேக்கலாம்னு வந்தோம் மேடம்" என்றாள் செங்கம்மா. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மகளைப் பார்த்து, "தலையக் காட்டுடி" என்றாள்.

சந்தியா எழுந்து வந்து ஸ்வர்ணலதாவுக்கு முன்னால் தலையைக் குனிந்தாள். முடியை விரலால் விலக்கினாள். ஸ்வர்ணலதா தொட்டாள். உச்சிக்குச் சற்றுப் பின்னால், வகிட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் தோலுக்கடியில் மெத்தென்று இருந்தது. கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

"எனக்கும் இருக்குது. எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு" என்றாள் செங்கம்மா. "ஒண்ணும் பண்ணாது மேடம். தலையில சொம தூக்குனா மட்டும் நோவும், நான் சும்மாட்ட ரெட்டையா மடிச்சு வச்சிக்குவேன். திருமலைக்குப் போனாக்கூட நாங்க மூணு கத்திரி முடி மட்டும் குடுத்துட்டு நிறுத்திக்குவோம். மொட்ட அடிச்சா குழி தெரியும், நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல."

மிச்சத்தை மகளும் தாயுமாக மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சந்தியாவுக்குத் தரணி என்ற பையனோடு சம்பந்தம் பேசி முடித்து, பூ வைக்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூவைச் சொருகும்போது விரல் குழியில் பட்டுவிட்டது. இன்னொரு சமயமாக இருந்தால் என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பேப்பரில் வந்த சூனியக்காரியோ இதே பாறைப்பட்டில், இதே நாகையாவின் நிலத்தில் கிடைத்தவள். உச்சியில் ஓட்டை, இங்கேயும் உச்சியில் ஓட்டை. மாப்பிள்ளையின் அப்பா ஏழுமலை தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திருப்பதிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு தடவைகூட மொட்டை அடிக்காத குடும்பம் என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்ததாம். இப்போது ஊரிலும் குழாயடியில் செங்கம்மாவைக் கண்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

"காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணச் சொல்றாரு" என்றாள் செங்கம்மா. "கொளத்துல முழுகிட்டு, ஈரத்துணியோட வினாயகர் முன்னாடி நின்னுக்கினு, எங்க வம்சத்துல சூனியம் இல்லன்னு சொல்லணும். சொன்னா கல்யாணம் நடக்கும். என்னப் பத்தி, எங்க ஊட்டுக்காரரப் பத்தின்னா இப்பவே சத்தியம் பண்ணுவேன். அந்தக் காலத்துப் பொம்பள எங்க வம்சமா இல்லியான்னு நான் இன்னாத்தக் கண்டேன்? அங்க பொய் சொன்னா அந்தச் சாமி சும்மா வுடாது. நீங்கதான் எலும்பு படிச்சவங்க. அவ எங்காளு இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், நான் முழுகிடுவேன்."

ஒரு வார்த்தை போதும்தான். நான் சொன்னது தப்பு என்ற வார்த்தை. அது ஸ்வர்ணலதாவின் தொண்டைவரை வந்தது. எதிரே அலமாரியில் அந்தப் பெட்டி இருந்தது.

"அவங்களுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, செங்கம்மா. தைரியமா சத்தியம் பண்ணுங்க" என்றாள். அது அவளுக்குத் தெரியாத விஷயம். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்காகத் தெரியாததைச் சொன்னாள்.

செங்கம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. சந்தியாவுக்குத் தெளியவில்லை. "மேடம், அந்த மண்டையில ஒரு ஓட்டையா, ரெண்டா?" என்று கேட்டாள்.

ஸ்வர்ணலதா மேஜைமேல் இருந்த தூரிகையை எடுத்து வேறிடத்தில் வைத்தாள். "ஒண்ணுதான்மா. பாதி உடைஞ்சு போச்சில்ல."

"அப்படீங்களா" என்றாள் சந்தியா. கடலைப் பையை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு இருவரும் பஸ் பிடிக்கப் போனார்கள். ஸ்வர்ணலதா கதவைச் சாத்திவிட்டு, தன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். திருட்டு மாட்டிக்கொண்டால்கூட இவ்வளவு அசிங்கமாக இருக்காது. மாட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. களியும் சட்னியும் போட்ட கை, இப்போது கடலையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறது.

சில நாள் கழித்துச் செங்கம்மா போன் செய்தாள். மறுநாள் காலை காணிப்பாக்கம் போவதாகச் சொன்னாள். "நீங்க சொன்ன சொல்லுதான் மேடம் எனக்குத் தெம்பு. உங்கள நெனச்சிக்கினுதான் முழுகப் போறேன்" என்றாள். ஸ்வர்ணலதாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு மனுஷி தன் பொய்யைத் தலையில் சுமந்துகொண்டு குளத்தில் இறங்கப் போகிறாள் என்பதைத் தாங்க, சாமியை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. போனை வைத்ததும் பெட்டியைத் திறந்தாள். இரண்டு பாதிகளையும் ஒட்டி, மணல் தட்டில் நிறுத்தி, நேர் மேலிருந்து படம் எடுத்துப் பெரிதாக அச்சுப் போட்டாள். இரண்டு துளைகளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. தேய்ந்த பற்களைப் பார்த்தால் அந்தப் பெண் நல்ல வயதுவரை வாழ்ந்திருக்கிறாள். மணியும் கிண்ணமும் அந்த இரும்பு முள்ளும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், வெறுத்துப் போட்டவளுக்கு யாரும் மணி போட்டு அனுப்பமாட்டார்கள். இத்தனை காலம் நிம்மதியாகப் படுத்திருந்தவளை எழுப்பிச் சூனியக்காரி என்று பெயர் வைத்தது தான் ஒருத்திதான் என்று நினைத்தபோது ஸ்வர்ணலதா அழுதுவிட்டாள்.

விடிந்ததும் முதலில் சித்தூருக்குப் போய் ஹரிபாபுவைப் பிடித்தாள். படத்தைக் காட்டி, திருத்தம் போட வேண்டும் என்றாள். ஹரிபாபு நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார். "மேடம், ஆணி அடிச்சாங்கன்னா நியூஸ். ஓட்டை தானா இருந்துச்சுன்னா அதுல என்ன இருக்குது? போடறேன், ஆனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. உள்பக்கத்துல எங்கியாவது வரும்" என்றார். அன்றைக்குத் தன் சிரித்த முகத்தை எவ்வளவு பெரிதாகப் போட்டார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் காணிப்பாக்கத்துக்கு ஆட்டோ ஏறினாள்.

குளத்தங்கரையில் அவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நாகையா வெள்ளை வேட்டியில் தள்ளி நின்றார். ஏழுமலையும் அவர் மனைவியும் இரண்டு பெரிய மனிதர்களோடு நின்றார்கள், தரணி ஒரு ஓரமாக நின்று சந்தியாவையே பார்த்துக்கொண்டிருந்தான். செங்கம்மாவைத்தான் ஸ்வர்ணலதாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

செங்கம்மா மொட்டை அடித்திருந்தாள். மொட்டை அடித்ததும் எல்லோரும் சந்தனம் பூசுவார்கள், அவள் அதைப் பூசவில்லை. மழித்த தலை வெயிலில் பளபளத்தது. உச்சிக்குப் பின்னால் இரண்டு குழிகளும், நிழல் விழுந்து, யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி இருந்தன. போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

"வந்துட்டீங்களா மேடம்" என்று செங்கம்மா மலர்ந்து சிரித்தாள். "மறைச்சி வச்சாத்தானே சந்தேகப்படறாங்க, பாத்துக்கட்டும்னு எடுத்துட்டேன். சந்தனம் பூசுனா குழி மூடிக்கும்னு பூசல. நீங்க வருவீங்கன்னு நெனக்கவே இல்ல. பாருங்க சம்பந்தி, இவங்கதான் எனக்குத் தெம்பு சொன்னவங்க."

ஸ்வர்ணலதா கைப்பையைத் திறந்தாள். படத்தை ஏழுமலையிடம் நீட்டினாள். "அந்தத் தலையில ஓட்டை ஒண்ணு இல்லீங்க, ரெண்டு. பிறவியிலயே வர்றது. சில குடும்பத்துல அப்படி இருக்கும், எந்தக் கெடுதலும் கிடையாது. யாரும் ஆணி அடிக்கல. நான் பேப்பர்ல சொன்னது தப்பு."

ஏழுமலை படத்தை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கி ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கி ஒண்ணு சொல்றீங்க. படிச்சவங்களே இப்படிச் சொன்னா நாங்க எத்த நம்பறது?" என்றார். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பிறகு குளத்தைக் கையால் காட்டினார். "நீங்களே முழுகிட்டு வந்து சொல்லுங்க."

பெரிய மனிதர்களில் ஒருவர், மேடம் எதற்கு, விடு என்று இழுத்தார். ஸ்வர்ணலதா கைப்பையைச் சந்தியாவிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினாள். வேலைக்குக் கட்டுகிற பருத்திப் புடவை. தண்ணீர் முதுகில் ஏறியபோது உடம்பு வெடவெடத்தது. முழுகி எழுந்து, முடி முகத்தில் ஒட்ட, புடவை காலில் சுற்ற, அத்தனை பேருக்கு நடுவில் சொட்டச் சொட்ட நடந்து போனாள். மாணவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அப்போதுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காகவும் வெட்கப்பட்டாள்.

சந்நிதியில் கைகூப்பி நின்றபோது அவளையறியாமல் புத்தூர்ப் பேச்சு வந்துவிட்டது. "பாறைப்பட்டுல கெடைச்ச அம்மா தலையில இருக்குறது ரெண்டு குழி. பொறப்புலயே வந்தது. அவங்க சூனியக்காரி இல்ல. நான் சொன்னது தப்புன்னு எனக்கு அடுத்த வாரமே தெரிஞ்சிபோச்சு. தெரிஞ்சிக்கினே வாய மூடிக்கினு இருந்தேன். இது சத்தியம்."

"இவங்க வம்சம் இல்லன்னும் சொல்லுங்க" என்றார் பின்னால் நின்ற ஏழுமலை.

"அது எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. இவங்க வம்சமா இருக்கலாம், எங்க வம்சமா இருக்கலாம், உங்க வம்சமாவும் இருக்கலாம். தெரிஞ்சதுக்குத்தான் சத்தியம் பண்ண முடியும். செங்கம்மாகிட்ட அன்னிக்கி சம்பந்தம் இல்லன்னு சொன்னதும் தெரியாம சொன்னதுதான்."

ஏழுமலையின் கை அவருடைய சொந்த உச்சந்தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு இறங்கியது. அதைப் பார்த்துத் தரணி சிரித்துவிட்டான், அவன் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்ததும் ஏழுமலை நாகையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி முன்னாடி சொல்லியாச்சு, இனிமே பேச்சில்ல. அடுத்த முகூர்த்தத்துல வச்சிக்கலாம்" என்றார். செங்கம்மா முழுக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நாகையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் டிபன் சாப்பிடக் கூப்பிட்டார்.

அவர்கள் முன்னால் போக, சந்தியா மட்டும் கைப்பையோடு ஸ்வர்ணலதாவின் பக்கத்தில் நின்றாள்.

"மேடம், அன்னிக்கி நான் ஒண்ணா ரெண்டான்னு கேட்டப்ப, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பெட்டி அந்த ரூம்லயேதான் இருந்துச்சா?"

"உங்களுக்கு எதிர்ல, அலமாரியில."

சந்தியா தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "அப்ப எங்கம்மா மொட்ட அடிச்சிருக்கவே வேணாம்" என்றாள் மெதுவாக. "ராத்திரியெல்லாம் முடியப் புடிச்சிக்கினு அழுதுச்சு. உங்ககிட்ட சொல்லாது."

அவள் போய்க் கடையிலிருந்து ஒரு கிண்ணத்தில் சந்தனம் கரைத்து வாங்கிவந்தாள். முன்னால் போன தாயைத் திரும்பக் கூட்டிவந்து குளத்துப் படியில் உட்காரவைத்தாள். "இனிமே தெரியணும்னு இல்லம்மா. வெயில்ல எரியும், பூசிக்க" என்றாள். சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தாயிடம் கொடுக்காமல் ஸ்வர்ணலதாவிடம் நீட்டினாள். "நீங்க பூசுங்க மேடம்."

ஸ்வர்ணலதா ஈரப் புடவையோடு செங்கம்மாவுக்குப் பின்னால் மேல்படியில் உட்கார்ந்தாள். எத்தனையோ மண்டைகளைத் தொட்ட கை, உயிருள்ள இந்தத் தலையைத் தொடப் பயந்தது. நெற்றியோரத்திலிருந்து ஆரம்பித்தாள், காதுக்குப் பின்னால் தடவினாள், பிடரியில் தடவினாள், உச்சியை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தாள். சந்தியா பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு வழியில்லாமல் இரண்டு விரலில் சந்தனத்தை எடுத்து அந்தக் குழிகளில் வைத்தாள்.

"அங்க மட்டும் மெதுவா, மேடம்" என்றாள் செங்கம்மா, திரும்பாமலே. "அமுக்குனா நோவும்."